கறுவாச் சுருள்

சென்ற குளிர்காலத்தில் ஒரு மாலை. கோடைக்கானலில் உறவினர் இல்லமொன்றில் விருந்தினராகத் தங்கியிருந்த நாம், அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு மூடுபனிக்கிடையே வீடு திரும்பினோம். வாசற்படியிலேயே ஒரு நறுமணம் நம்மை எதிர்கொண்டது. பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறக்கும்போது எழும் மணத்தின் ஒரு பங்கு அதில் இருந்தது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து உருகும் வாசனை மறுபங்கு.

சமையலறையில் நம் சகோதரியின் மகள், மேசைமீதிருந்த கறுப்புப் பெட்டியொன்றின் இழுப்பறையை வெளியே இழுத்தாள். உள்ளே, நத்தை ஓட்டைப் போலச் சுருண்ட நான்கு ரொட்டிகள் பொன்னிறமாக வெந்திருந்தன. முன்னரே வெந்த நான்கு தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. நெருப்பில்லை, புகையில்லை, எண்ணெய்ச் சட்டியும் இல்லை. பெட்டிக்கு ‘ஏர் ஃபிரையர்’ என்றும், பண்டத்திற்குச் ‘சின்னமன் ரோல்’ என்றும் பெயர் சொன்னாள். நம் மொழியில் கூறுவதாயின் கறுவாச் சுருள்.

எண்பத்தைந்து வயதைக் கடந்த அவ்வீட்டு மூதாட்டியார் ஒன்றை எடுத்து முகர்ந்தார். “மணமெல்லாம் நம் பட்டை மணந்தான். ஆனால் பண்டம் வெள்ளைக்காரப் பண்டம். இதற்கும் நமக்கும் என்ன உறவு?” என்றார்.

விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்விதான். எனினும், அதற்கு விடை தேடப் புகுந்தபோது, நம் முன்னோரின் கடல் வாணிப வரலாற்றின் பெரும் பகுதி அந்தச் சிறிய ரொட்டிக்குள் சுருண்டு கிடப்பதைக் கண்டோம்.

பெயர்கள் பேசும் வரலாறு

கறுவா என்பது இலங்கைத் தமிழர் வழக்கு. தமிழகத்தில் இலவங்கப்பட்டை என்றும் கருவாப்பட்டை என்றும், கடைத்தெருவில் வெறும் பட்டை என்றும் வழங்குகிறோம். அரபு மொழியில் இதன் பெயர் கிர்ஃபா. மரத்திலிருந்து உரித்த தோல் என்பதே அதன் பொருள். பாரசீகர் தார்சீனி என்றனர். சீனத்து மரம் என்று அதற்குப் பொருள். மலாய் மக்களுக்கு அது காயு மானிஸ், அதாவது இனிப்பு மரம். இப்பெயர்களுள் தார்சீனி என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதியில் அதற்கு வேலை உண்டு.

பொருள் ஐரோப்பாவிற்குச் சென்றது. அது விளையும் இடம் மட்டும் நெடுங்காலம் அவர்களுக்குத் தெரியாமலே இருந்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ், பெரும் பறவைகள் எங்கிருந்தோ பட்டையைக் கொண்டுவந்து செங்குத்தான பாறைகளில் கூடு கட்டுவதாகவும், அரபியர் அக்கூடுகளை வீழ்த்திப் பட்டையைச் சேகரிப்பதாகவும் எழுதிவைத்தார். விலையை உயர்த்துவதற்காக வணிகர்கள் கட்டிய கதை இது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம ஆசிரியர் பிளினி மறுத்தார். கதை கட்டியவர் எவராயினும், சரக்கின் இரகசியத்தைக் காப்பது வாணிபத்தின் முதற்பாடம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இப்னு பதூதா கண்ட கரை

அந்த இரகசியத்தின் இருப்பிடத்தை நேரிற் கண்டு எழுதியவர்களுள் நமக்கு மிக நெருக்கமானவர் இப்னு பதூதா. 1344ஆம் ஆண்டில் அவர் இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள புத்தளத்தில் இறங்கினார். அக்கரை முழுவதும், ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் குன்றுகளைப் போலக் குவிந்து கிடந்தனவாம். மஃபர் நாட்டு மக்களும் மலபார் மக்களும் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்றனர் என்றும், அதற்கு ஈடாக அந்நாட்டு அரசனுக்குத் துணிகளையும் பிற பொருள்களையும் அன்பளிப்பாக வழங்கினர் என்றும் அவர் குறித்துள்ளார்.

மஃபர் என்று அரபியர் அழைத்தது வேறெந்த நாட்டையும் அன்று. நம் சோழமண்டலக் கரையைத்தான். நம் கரையின் நெசவு அங்கே சென்றது. அங்கிருந்த பட்டை இங்கே வந்தது. ஒரு கரையின் தறியும் மறுகரையின் மரமும் செய்துகொண்ட பண்டமாற்று அது.

இலங்கையிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, கப்பல் சேதமுற்று நம் கரையில் ஒதுங்கி, மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் தாமகானியின் பாசறைக்குச் சென்று சேர்ந்தார். இருவரும் மதுரையின் முதற் சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகளிரை மணந்தவர்கள். நம் குடும்ப வழக்கிற் சொன்னால் சகலர் முறை. ஆக, கறுவாக் கரையைக் கண்டு எழுதிய அப்பெரியார், அடுத்து வந்து தங்கியது பழனி மலைத்தொடருக்கு அண்மையிலுள்ள மதுரைச் சீமையில்.

பட்டைக்காக நடந்த போர்

1505இல் போர்த்துக்கீசியர் முதன்முறையாக இலங்கைக் கரையை அடைந்தனர். கறுவா ஏற்றுமதி அப்போது பெரும்பாலும் முஸ்லிம் வணிகர் கையில் இருந்தது. 1518இல் கொழும்பில் அவர்கள் கோட்டை கட்டினர். துணியைக் கொடுத்துப் பட்டையைப் பெற்ற காலம் முடிந்தது. பீரங்கியைக் காட்டிப் பெறும் காலம் தொடங்கிற்று.

நம் மரைக்காயர் இதனை வாளாவிருந்து பார்க்கவில்லை. போர்த்துக்கீசியரின் பகைவனான சீதாவாக்கை அரசன் மாயாதுன்னைக்குத் துணையாகப் புறப்பட்ட மரைக்காயர் கடற்படை, 1538இல் மண்டபத்திற்கு அருகேயுள்ள வேதாளையில் போர்த்துக்கீசியப் படையால் முறியடிக்கப்பட்டது. இன்று இராமேசுவரம் செல்லும் சாலையில் வேதாளையைக் கடப்போருள் எத்தனை பேர் அந்நாளை நினைக்கின்றனர்? 1626இல் போர்த்துக்கீசியர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி அரசன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் தந்து, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பர். ஒரு மரத்தின் தோலுக்காக ஒரு சமுதாயம் வீடிழந்தது. பௌத்த மன்னன் ஒருவன் அதற்கு வீடளித்தான். இவ்விரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

1656இல் டச்சுக்காரர் கொழும்பைக் கைப்பற்றினர். கறுவா அவர்களின் தனியுரிமை ஆயிற்று. அனுமதியின்றி மரத்தை வெட்டினாலோ பட்டையை விற்றாலோ மரண தண்டனைவரை விதிக்கப்பட்டது. காடு காடாக அலைந்து பட்டை உரிக்கும் பணி சலாகமக் குலத்தாரின் கட்டாயக் கடமை ஆக்கப்பட்டது. அம்மக்கள் தென்னிந்தியக் கரையிலிருந்து சென்ற நெசவாளர் வழியினர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. சுமார் 1769இல்தான் கொழும்பில் கறுவாவைத் தோட்டமாகப் பயிரிடத் தொடங்கினர். ‘கறுவாத்தோட்டம்’ என்று அந்நகரின் ஒரு பகுதி இன்றும் வழங்குவது அதனால்தான். விலை இறங்காதிருக்க, 1760இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் நறுமணச் சரக்குகளைக் குவித்து எரித்ததும் உண்டு. 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். 1833இல் தனியுரிமை ஒழிந்தது. ஆனால், அதற்குள் நம் கப்பல்கள் பலவும் கரையேறிவிட்டிருந்தன.

வடக்கே சென்ற மணம்

பட்டை நம் கடலிலிருந்து சென்றது. அதை ரொட்டிக்குள் சுருட்டியவர் யார்? சுவீடன் நாட்டார் இதனைத் தம் தேசியப் பண்டமாகக் கொண்டாடுகின்றனர். ‘கானெல்புல்லே’ என்பது அவர்கள் இட்ட பெயர். முதல் உலகப் போர்க்காலப் பங்கீடு நீங்கி, மாவும் சர்க்கரையும் தாராளமாகக் கிடைத்த 1920களில் இது அந்நாட்டு இல்லங்களில் பரவியது. 1999 முதல் அக்டோபர் 4ஆம் நாளை இதற்குரிய நாளாகவும் வைத்துள்ளனர். ஜெர்மனியிலும் இதனையொத்த ‘நத்தை’ ரொட்டி உண்டு. அந்நாடுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறியோர் தம் கைப்பக்குவத்தையும் உடன் கொண்டுசென்றனர்.

சுவீடன் மக்கள் மாவில் ஏலக்காயும் சேர்ப்பர். ஏலம் நம் மேற்கு மலைகளின் செல்வம். பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலும் விளைவது. அந்நாட்டிற்கும் நம் கரைக்கும் நேரடித் தொடர்பும் ஒருமுறை ஏற்பட்டது. 1731இல் தொடங்கப்பட்ட சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலொன்று 1733இல் நம் பரங்கிப்பேட்டைக்கு, மஹ்மூது பந்தர் என நம்மவர் போற்றும் அவ்வூருக்கு, வந்து பண்டகசாலை அமைக்க முயன்றது. ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டிருந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இதற்காக மட்டும் ஒன்றுசேர்ந்து அதனைச் சூறையாடினர். சுவீடன் வணிகர் பின்னர்ச் சீனத்துக் கான்டன் துறைமுகத்தையே நாடினர்.

மலையேறிய அடுப்பு

இனிக் கோடைக்கானலுக்கு வருவோம். 1821இல் வார்டு என்னும் ஆங்கிலப் படை அதிகாரி பழனி மலையை அளந்து எழுதினார். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கப் பாதிரிமார் மதுரையில் தம் பணியைத் தொடங்கினர். காலராவும் காய்ச்சலும் அவர்களின் குடும்பங்களை வாட்டின. முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. ஆகவே மேலும் உயரே ஏறி, 1845இல் கோடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு வீடுகளைக் கட்டினர். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை அமைத்தார். 1901இல் அமெரிக்கக் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம் தோன்றியது. இன்று அது சர்வதேசப் பள்ளியாக விளங்குகின்றது.

1875இல் அம்மையநாயக்கனூருக்கு இரயில் வந்தது. ஆயினும் 1914ஆம் ஆண்டளவில் மோட்டார்ச் சாலை முழுமை பெறும்வரை, பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையே முதன்மையான வழி. துரைமாரும் துரைசானிமாரும் டோலியில் சென்றனர். கோதுமை மாவும் சர்க்கரையும் தலைச்சுமையாக ஏறின. கோடைக்கானலின் ரொட்டிப் புகழும், வீட்டுத் தயாரிப்புச் சாக்கலேட்டுப் புகழும் அந்தச் சுமைகூலிகளின் கால்களில் ஏறி வந்தவை என்பதை எவரும் எழுதிவைப்பதில்லை. மேலைநாட்டுக் குடும்பங்களின் அடுப்பங்கரையில் நின்று மாவு பிசைந்த கைகளும் பெரும்பாலும் தமிழர் கைகளே. சுட்டவர் நம்மவர்; சுவைத்தவர் பிறர்.

ரொட்டி நம் இல்லங்களில் எளிதில் நுழையாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அந்நாளில் தென்னாட்டில் மாவைப் புளிக்கவைக்கக் கள்ளைப் பயன்படுத்தினர். “கள் ஊற்றிப் பிசைந்தது என்று சொல்லி எங்கள் அத்தா கடை ரொட்டியைத் தொடவே விடமாட்டார்கள்” என்று மூதாட்டியார் நினைவுகூர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது உருவாக்கப்பட்ட உலர் ஈஸ்ட் பரவிய பிறகே அந்த ஐயம் நீங்கியது.

தம்மும் காற்றும்

எனினும், சுடுகலை நமக்குப் புதிதன்று. தம் பிரியாணிக்கும் தம்ரூட்டுக்கும் நம் பெண்டிர் என்ன செய்தனர்? சட்டியின் கீழே சிறுதணல். மூடியின் மேலே பெருந்தணல். மேலிருந்தும் கீழிருந்தும் வெப்பம் சூழப் பண்டம் உள்ளேயே வெந்தது. மேலைநாட்டார் ‘ஓவன்’ என்பதும் இந்தத் தத்துவத்தின் இரும்பு வடிவமே.

ஏர் ஃபிரையரோ அதன் சுருங்கிய வடிவம். மேலே மின்கம்பிச் சுருளொன்று சூடேறும். அதற்கு மேலுள்ள விசிறி அச்சூட்டைக் காற்றாகப் பண்டத்தைச் சுற்றி விரைந்து சுழற்றும். நெதர்லாந்து நாட்டு ஃபிரெட் வான் டெர் வை என்பாரின் முயற்சியில் உருவாகி, அந்நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தால் 2010இல் பெர்லின் பொருட்காட்சியில் வெளியிடப்பட்டது. வரலாற்றின் விந்தையைப் பாருங்கள்! கறுவாவைப் பூட்டி வைத்திருந்த டச்சுக்காரரின் நாடே, அக்கறுவாவை நம் சமையலறையில் சுடும் பெட்டியையும் அனுப்பியிருக்கின்றது.

மருமகள் கையாண்ட முறையை, விரும்பும் சகோதரிகளுக்காக இங்கே தருகிறோம். மைதா 250 கிராம், வெதுவெதுப்பான பால் 100 மில்லி, முட்டை 1, சர்க்கரையும் வெண்ணெயும் 40 கிராம் வீதம், உலர் ஈஸ்ட் 5 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றைப் பத்து நிமிடம் நன்கு பிசைந்து, இருமடங்காகப் பொங்கும்வரை மூடிவைக்கவேண்டும். கோடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. ஆகையால் மாவு எளிதில் உப்பும். ஆனால் குளிர் அதனைத் தாமதப்படுத்தும். வெந்நீர்ப் பாத்திரத்தோடு மாவையும் அலமாரிக்குள் வைத்து மூடி அவள் குளிரை வென்றாள். பொங்கிய மாவை ஓரடிச் சதுரமாகத் தேய்த்து, 40 கிராம் வெண்ணெய் தடவி, 60 கிராம் நாட்டுச் சர்க்கரையும் இரண்டு தேக்கரண்டிப் பட்டைத் தூளும் தூவிப் பாய்போலச் சுருட்டி, நூலால் எட்டுத் துண்டுகளாக அறுக்கவேண்டும். அரைமணி நேரம் மீண்டும் உப்பவிட்டு, நான்கு நான்காக 160 பாகை வெப்பத்தில் 10 முதல் 12 நிமிடம் சுட்டால் போதும். அடியில் விரிக்கும் தாள் சுருள்களின் எடையால் அழுந்தியிருக்கவேண்டும். இன்றேல் விசிறிக்காற்று அதைத் தூக்கி மேலுள்ள கம்பியில் ஒட்டிவிடும்.

நம் கையில் இருப்பது எது?

இத்துடன் கட்டுரையை முடித்திருப்போம். ஆனால், மூதாட்டியார் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பட்டையை எடுத்துப் பார்த்தார். தடித்து, கருஞ்சிவப்பாய், ஒரே மடிப்பாய் இருந்த அத்துண்டை விரலால் ஒடிக்க முயன்றார், ஒடியவில்லை. “இது கொழும்புப் பட்டை இல்லையே!” என்றார். வத்தலக்குண்டில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள் அவர்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. இலங்கைக் கறுவா மெல்லியது, இளம்பழுப்பானது, பல அடுக்குகள் ஒன்றனுள் ஒன்றாகச் சுருண்டு சுருட்டைப் போலிருக்கும், விரலால் நொறுங்கும். இன்று நம் கடைகளில் பட்டை என்னும் பெயரால் பெரும்பாலும் கிடைப்பது கேசியா என்னும் வேறு மரத்தின் தோல். சீனம், வியட்நாம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வருவது அது. தார்சீனி, சீனத்து மரம் என்ற பழம்பெயர் இப்போது நினைவுக்கு வருகிறதன்றோ? நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இவ்விரண்டும் தனித்தனிப் பொருள்களாகவே வகுக்கப்பட்டுள்ளன.

இது சுவைபற்றிய பேச்சு மட்டுமன்று. கேசியாவில் கூமரின் என்னும் பொருள் மிகுதி; இலங்கைக் கறுவாவில் அது மிகமிகக் குறைவு. அளவு மீறி நாள்தோறும் உண்டால் கூமரின் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கக்கூடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வகுத்த நாளளவு. இருபது கிலோ எடையுள்ள குழந்தைக்கு 2 மில்லிகிராம் மட்டுமே. கூமரின் மிகுந்த கேசியாவாயின், ஒரேயொரு சுருளிலேயே அந்த அளவு நிறைந்துவிடலாம். இதற்காக 2013இல் டென்மார்க்கில் ரொட்டிக்கடைக்காரருக்கும் அரசுக்கும் பெரும் வழக்காடலே நிகழ்ந்தது. எப்போதேனும் ஒருமுறை உண்பதால் கேடில்லை. நாள்தோறும் பழக்கமாக்குவோர்தாம் கருதிப் பார்க்கவேண்டும்.

நம்மை வருத்தியது வேறு. பழனி மலையின் சோலைக் காடுகளில் கறுவா இனத்து மரங்கள் இன்றும் இயல்பாக வளர்கின்றன. கீழே சமவெளியில், பட்டைக்காகக் கடல் கடந்தவரின் வழிவந்த குடும்பங்கள் வாழ்கின்றன. இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள ஒரு சமையலறையில், பட்டை எது, பட்டைபோல்வது எது என்று பிரித்தறியும் கண் ஒரே ஒரு மூதாட்டியிடம் எஞ்சியிருந்தது. கப்பலைப் போர்த்துக்கீசியர் பறித்தனர். சரக்கை டச்சுக்காரர் பறித்தனர். அறிவை எவரும் பறிக்கவில்லை. நாமே கைநழுவ விட்டோம். பழைய வணிகக் குடும்பங்களின் கணக்கேடுகள் இன்னும் எந்தெந்த வீட்டுப் பரண்களில் உள்ளனவோ, அவை எடைக்கடைக்குச் செல்லுமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள் என வேண்டுகிறோம். நாம் எழுதாவிடில் நம் வரலாற்றைப் பிறர் எழுதுவர். அல்லது எவரும் எழுதார்.

மறுநாள் கடைத்தெருவில் தேடி, பல மடங்கு விலை கொடுத்து, மெல்லிய பட்டை கொஞ்சம் வாங்கி வந்தோம். மூதாட்டியார் அதனை உள்ளங்கையில் வைத்து நொறுக்கி, மருமகளை அருகழைத்து அவள் முகத்தருகே நீட்டினார்.

“மோந்து பார் மகளே. இதுதான் பட்டை. உன் பிள்ளைக்கும் காட்டி வை.”

அவர் கேட்ட கேள்விக்கு அவரே விடை கூறிவிட்டார். நாம் மேலும் எதுவும் சொல்லவில்லை.